மருத மரத்தடிச் சாமியை எடுத்தவள்

எங்கள் காலனியில் எனக்கு ஒரு பேர் உண்டு. நேரில் யாரும் சொல்லமாட்டார்கள். நான் நாலடி தாண்டிப் போன பிறகு பின்னால் முணுமுணுப்பார்கள்: "சாமியப் பேத்து எடுத்தவ." பொய் இல்லை. எடுத்தேன். உளியும் சுத்தியலுமாக, பட்டப்பகலில், நாலு தெருவும் பார்த்துக்கொண்டிருக்க எடுத்தேன். இன்னொரு தடவை எடுக்கவேண்டி வந்தாலும் எடுப்பேன். ஏன் எடுத்தாய் என்று மட்டும் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், எங்கள் காலனிக்குத் திரும்புகிற முனையில் ஒரு மருத மரம் நிற்கிறது. காலனி என்பது பேருக்குத்தான். வயலைப் பிளாட் போட்டு விற்ற இடம். ஐப்பசி மழையில் வயல் தன் பழைய குணத்தைக் காட்டிவிடும். வாசல்படி வரைக்கும் தண்ணீர் நிற்கும். வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் இப்போது சிமெண்டுப் பலகைக்கு அடியில் சாக்கடையாக ஓடுகிறது. அந்த வாய்க்காலைக் குடித்து வளர்ந்த மரம் இது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. வெளுத்த பட்டை. காலையில் நடக்கப்போகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு உரித்துக்கொண்டு போவார்கள். நெஞ்சுவலிக்கு நல்லது என்று கஷாயம் போடுவார்கள். எங்கள் காலனியில் பாதிப் பேர் இதயம் அந்த மரத்தின் தோலில்தான் ஓடுகிறது. மிச்சப் பாதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதன் நிழலில் மூன்று ஆட்டோ நிற்கும்.

நான் டவுனில், ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே, டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸும் உண்டு. பட்டா மாறுதல், எல்லைத் தகராறு, குடிநீர் வரவில்லை, மகன் சோறு போடவில்லை என்று எது வந்தாலும், 'ஐயா, வணக்கம், கீழே கையொப்பமிட்டுள்ள நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஆரம்பித்து அடித்துக்கொடுப்பேன். ஒரே வரப்புக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மனு அடித்திருக்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று கேட்பது என் வேலை இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவேன். வேகம் பத்தாத இடத்தில் கொஞ்சம் காரம் சேர்ப்பேன். அதுதான் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில், கட்டட வேலை மேஸ்திரி மாதிரி ஒருவர் கையெழுத்தில் ஒரு மனு கொண்டுவந்தார். முதலாளி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். 'சாலையோரம் பட்டுப்போன நிலையில் நிற்கும் மரத்தை அகற்றக் கோருதல்.' பொதுமக்களுக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. நான் பழக்கதோஷத்தில் 'பேராபத்து' என்று அடித்தேன். 'எந்த நேரமும் சாய்ந்து விழுந்து உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய' என்று ஒரு வரியையும் சேர்த்தேன். கடைசிப் பத்தியில் இடத்தின் விவரம் இருந்தது. காலனிப் பேரை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் விரல் நின்றது. அது எங்கள் மரம்.

பட்டுப்போனதாம். மாசியில் மருதம் இலை கொட்டும். பட்டையும் சீவல் சீவலாக உரிந்து நிற்கும். அந்த நேரத்தில் போட்டோ எடுத்தால் எந்தப் புண்ணியவானும் செத்த மரம் என்றுதான் சொல்வான். செத்தது என்று எழுதச் சரியான மாதமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேஸ்திரி மூன்று நகல் கேட்டார். கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று என்னை நானே பலதடவை கேட்டுவிட்டேன். அடித்த மனுவைத் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் 'பேராபத்து' என் சொல் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

முதலாளி யார் என்று தெரியாத ரகசியமில்லை. மரத்துக்குப் பின்னால் மூன்று மாடி லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. வெளியூரில் வியாபாரம் செய்து சம்பாதித்துவிட்டு வந்தவர். கும்பிட்டுவிட்டுத்தான் பேசுவார், அவ்வளவு மரியாதை. ஆனி ஆடிச் சீசனுக்குள் திறந்துவிடவேண்டும் என்று அவசரம். சாரல் விழ ஆரம்பித்தால் கார்கள் வரிசையாக வரும், வருகிறவர்கள் கண்ணில் போர்டு படவேண்டும், போர்டை மரம் மறைக்கிறது. குற்றாலத்துக்குக் குளிர்ச்சி தேடி வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க, குளிர்ச்சி தருகிற மரத்தை வெட்டவேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

சட்டம் எனக்குத் தெரியும். பிறருக்காக எத்தனை தடவை அடித்திருக்கிறேன். சாலைப் புறம்போக்கில் நிற்கிற மரத்தை யாரும் நினைத்தபடி வெட்டமுடியாது. விண்ணப்பம் கொடுக்கவேண்டும், ஆள் வந்து பார்க்கவேண்டும், பசுமைக் குழு அனுமதிக்கவேண்டும். ஆட்சேபணை இருந்தால் அதையும் கேட்கவேண்டும். அன்று சாயங்காலமே ஓர் ஆட்சேபணை மனு அடித்து, கையெழுத்து வாங்கத் தெருத்தெருவாகப் போனேன். முதலில் போனது அண்ணாச்சி வீட்டுக்கு.

அண்ணாச்சி டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எங்கள் காலனிக்கு மூத்தவர். அவர் சொன்னால் ஒரு கூட்டம் கேட்கும். மனுவை வாங்கி, கண்ணாடி போடாமலே மேலும் கீழும் பார்த்தார்.

"இத வச்சு என்னம்மா செய்யப்போற?"

"ஆட்சேபணை அண்ணாச்சி. மரம் உயிரோடதான் நிக்குன்னு சொல்லணும்லா."

"நீ மனு எழுதுவ. அவன் ஒன்னய விடப் பெரிய ஆள வச்சு எழுதுவான். இதெல்லாம் வேலைக்காவாது. நான் ஒரு வழி சொல்லுதேன். ஒரு கல்ல நட்டு மஞ்சளப் பூசிட்டா எவன் கை வைப்பான்? வெட்ட வாரவனும் நம்ம ஊர்க்காரன்தான. கோடாலிய வச்சிட்டுக் கும்பிட்டுட்டுப் போயிருவான்."

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மரத்தடியில் கல் இருந்தது. சிற்றாற்றிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கல். மஞ்சள், குங்குமம், அடிமரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி, ஒரு சின்னச் சூலம். அம்மன் என்று அண்ணாச்சி சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் சூடம் ஏற்றினேன். இதை மறைத்து நல்லபெயர் வாங்க எனக்கு ஆசை இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, லாட்ஜ் மாடியைப் பார்த்து, இப்போ வெட்டுடா பார்ப்போம் என்று மனதுக்குள் சொன்னேன். ஆட்சேபணை மனுவைக் கொடுத்ததோடு சரி. அது என்ன ஆயிற்று என்று போய்க் கேட்கக்கூட இல்லை. சாமி இருக்கும்போது சட்டம் எதற்கு என்று அலட்சியம்.

கல் வேலை செய்தது என்பதும் உண்மை. ஒரு மத்தியானம் அனுமதியும் இல்லாமல் கினுமதியும் இல்லாமல், மெஷின் ரம்பத்தோடு இரண்டு பேர் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் பாய் எனக்குப் போன் போட்டார். நான் ஓடிவருவதற்குள் அவர்களே போய்விட்டார்கள். "ஒருத்தன் செருப்பக் கழட்டிட்டான்கா. மத்தவன் கல்லத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். வாலே போவோம்னு வண்டியத் திருப்பிட்டானுவ" என்று பாய் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு தெருவையும் இரண்டு தடவை சுற்றிவந்தார்.

சாமி வந்தால் சும்மாவா இருக்கும்? பங்குனியில் கல்லுக்கு வெயில் படுகிறது என்று தகரக் கொட்டகை போட்டார்கள். தகரத்தை எங்கே அடிப்பது? மரத்தில்தான். அரையடி ஆணிகள். சித்திரை பிறந்ததும் யாரோ நேர்ந்துகொண்டு சிமெண்டு மூட்டை இறக்கினார்கள். அடிமரத்தைச் சுற்றி, இண்டு இடுக்கு விடாமல், முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டினார்கள். வேருக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். "அம்மன் பாத்துக்கிடுவா" என்றார்கள். வெள்ளி தவறாமல் குழாய் ரேடியோ. இதற்குள் மரம் துளிர்த்திருந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் கண் கல்லில் இருந்தது.

ஒருநாள் பாயின் ஆட்டோ மரத்தடியில் இல்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம், பொட்டு நிழல் இல்லாத இடத்தில், கொளுத்துகிற வெயிலில் நின்றது. பாய் பத்து வருஷம் வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். "வெயிலுக்குப் பயந்துதான் ஊருக்கே வந்தேன்" என்று வேடிக்கையாகச் சொல்வார். நான் போய்க் கேட்டேன்.

"யாரும் ஏதும் சொன்னாவளா பாய்?"

"ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலக்கா. நானாத்தான் வந்துட்டேன். சாமி முன்னால கால நீட்டிப் படுக்க முடியுமா, பீடி பத்தவைக்க முடியுமா? இன்னைக்கு ஒண்ணும் சொல்லமாட்டாவ. நாளைக்கு ஒரு பேச்சு வந்துட்டா அது என்னோட நிக்காது. எதுக்கு வம்பு?"

அன்றைக்கே எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மரம் தப்பித்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எல்லாருக்கும் நிழல் கொடுத்த மரத்தைப் பாதிப்பேருக்கு உரியதாக ஆக்கிவிட்டு, காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

வைகாசி முதல் வாரத்தில், மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மரத்தை வெட்டப்போவதாக அதில் ஒரு வார்த்தை இல்லை. சாலைப் புறம்போக்கில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட வழிபாட்டுக் கட்டுமானத்தைப் பதினைந்து நாளுக்குள் அகற்றிக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் அலுவலகமே அகற்றும். என் கடைக்கு எதிர் அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார், வருவாய்ப் பிரிவு அதிகாரி. நேர்மையானவர், சிடுசிடுப்பானவர். என் கடை மனுக்கள் பல அவர் மேசையில் போய்த்தான் விழும். நேராக அவரிடம் போனேன். அவர் இரண்டு கோப்புகளை எடுத்துப் போட்டார்.

"இது மரத்துக் கோப்பு. பட்டுப்போச்சுன்னு மனு, உயிரோட இருக்குன்னு உங்க ஆட்சேபணை. இது குழுவுக்குப் போகணும், லேசுல முடியாது. இது ரெண்டாவது கோப்பு. ஆக்கிரமிப்புன்னு அதே லாட்ஜ்காரர் போட்டோவோட கொடுத்திருக்கார். பொது இடத்துல கோவில் கட்டியிருந்தா நான் எடுத்துத்தான் ஆகணும். இதுக்குக் குழு கிடையாது."

"கட்டடத்த எடுத்தா மரம் நிக்குமாம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். "மேடையை எங்க கட்டியிருக்கீங்க? வேர் மேல. ஜேசிபி வச்சு மேடையப் பேத்தா மரம் எப்படி நிக்கும்? நீங்களே சொல்லுங்க. சாஞ்சுதுன்னா ஆக்கிரமிப்பு எடுக்கும்போது சாஞ்சுதுன்னு போகும். வெட்டினதா ஆகாது."

லாட்ஜ்காரரின் மூளையை நினைத்து எனக்கு எரிந்தது. அவரை விட எங்கள் மூளையை நினைத்து அதிகமாக எரிந்தது. மரமாக நின்றவரைக்கும் அதற்கு ஒரு சட்டம் காவல் இருந்தது. நாங்கள் அதைக் கோவிலாக்கி, அந்தக் காவலை எங்கள் கையாலேயே கழற்றிப்போட்டுவிட்டோம். வலியப் போய்த் தலையைக் கொடுத்த கதை. லாட்ஜ்காரர் அனுமதி வாங்கக்கூட வேண்டாம். பதினைந்து நாள் மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும்.

"நாங்களே எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டா இந்தக் கோப்பில வேலையில்ல. வந்து பார்த்துட்டு, கட்டுமானம் இல்லைன்னு எழுதிருவேன்."

அண்ணாச்சி வீட்டில் இதைச் சொன்னபோது, அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கும்பிட்ட கல்லப் பேக்கச் சொல்லுதியா? புள்ள குட்டி வச்சிருக்க வீடுவ இருக்கு. சாமி குத்தம் வந்தா நீ மனு அடிச்சுத் தடுப்பியா?"

"ஜேசிபி வந்தா கல்லும் போயிரும், மரமும் போயிரும் அண்ணாச்சி. மரத்துக்காகத்தான கல்லு வச்சோம்?"

"மொதல்ல மரத்துக்காகத்தான் வச்சேன். இப்ப அது அம்மன். வரட்டும் ஜேசிபி. ஊர்ல இத்தன பேர் இருக்கோம், படுத்துருவோம்."

யாரும் படுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வண்டி வந்து நின்றால் முதலில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற காலனி எங்களுடையது. மறுநாள் சாயங்காலம் மரத்தடியில் கூடிப் பேசினோம். பேச்சு என்ன பேச்சு, நான் ஒருத்தி ஒரு பக்கம், நாலு தெருவும் மறு பக்கம். லாட்ஜ்காரரிடம் நான் விலை போய்விட்டேன் என்று ஒருவர் சொன்னார். பட்டுப்போன மரம் என்ற மனுவை அடித்ததே நான்தான் என்று இன்னொருவர் எப்படியோ தெரிந்து வைத்திருந்து போட்டு உடைத்தார். "ஆமா, அடிச்சேன்" என்றேன். "அடிச்ச பாவத்துக்குத்தான் இப்ப எடுக்கப்போறேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு. தடுக்கிறவங்க வந்து தடுங்க."

எந்தக் கொத்தனாரும் வரவில்லை. சாமிக் காரியம் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். இரும்புக் கடையிலிருந்து உளி, சுத்தியல், ஆணி பிடுங்குகிற கடப்பாரை வாங்கிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில், டைப் அடித்துப் பழகிய கை. காலை எட்டு மணிக்கு மரத்தடியில் நின்றேன். எல்லா வாசலிலும் ஆள் இருந்தது, ஒருவரும் இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் பாய் ஆட்டோவை விட்டு இறங்கி, சாலையைக் கடக்கப்போனார்.

"பாய், அங்கனயே நில்லுங்க!" என்று கத்தினேன். "கிட்ட வந்துராதீய. நீங்க ஒரு ஆணியத் தொட்டாலும் வேற கதையாயிரும்."

அவர் நடுச்சாலையில் நின்றார். பிறகு திரும்பிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷம் அந்த நிழலில் படுத்த மனுஷர், அதைக் காப்பாற்ற ஒரு கை கொடுக்கமுடியாமல், வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வேறு எதற்கும் வரவில்லை.

முதலில் தகரம். கடப்பாரையால் ஆணிகளை நெம்பினேன். ஆணி இருந்த ஓட்டைகளில் ஈரம் கசிந்தது. பதினொரு ஆணி எடுத்தேன். அடுத்தது கல். அதன் முன்னால் குனிந்தேன், கை போகவில்லை. வாய் எவ்வளவு பேசினாலும் உள்ளே பயம் இருக்கத்தானே செய்யும்? சூடம் ஏற்றியவள்தானே நானும். கல்லைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அப்போது அண்ணாச்சி வீட்டு மதினி தெருவில் இறங்கி வந்தார். அவர் சாதாரணமாகச் சபையில் வாய் திறக்காதவர். இடுப்பில் பித்தளைக் குடம், குடத்தில் தண்ணீர், குடத்தின் வாயில் வேப்பங்குலை செருகியிருந்தது. குடமுழுக்குக்கு முன்னால் பெரிய கோவில்களில் சாமியைக் குடத்துக்குள் இறக்கி வேறிடத்தில் வைப்பார்கள் இல்லையா, அதைத்தான் செய்ய வந்திருந்தார். குருக்களும் இல்லை, மந்திரமும் இல்லை. குடத்தைக் கல் முன்னால் வைத்தார்.

"அம்மா, இங்கன ரோட்டுல கெடந்து நீ சீரழிய வேண்டாம். எங்க வீட்டுக்கு வா" என்று சாதாரணமாக, விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். வேப்பிலையால் கல்லைத் தொட்டு, குடத்துத் தண்ணீரில் நனைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப அம்மன் கொடத்துல இருக்கா. அது வெறுங்கல்லு. எடு, ஒனக்கு ஒண்ணும் வராது."

வாசலில் நின்ற அண்ணாச்சி, "ஏட்டி, யாரக் கேட்டு?" என்று சத்தம் போட்டார்.

"நான் வாக்கப்பட்ட வீட்டுக்குள்ள சாமியக் கூட்டிட்டு வாரதுக்கு யாரக் கேக்கணும்?" என்று மதினி திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றினார். அண்ணாச்சிக்கு வழி விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. சாமி வருகிற வாசலை மறிக்கமுடியுமா? கல்லை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போய், அவர்கள் துளசி மாடத்துப் பக்கத்தில் வைத்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேடைதான் உயிரை வாங்கியது. வேர் அடிபடாமல், துண்டு துண்டாகப் பெயர்க்கவேண்டும். மூன்று நாள் ஆயிற்று. கடைக்குப் பூட்டு. கையெல்லாம் கொப்புளம். இரண்டாம் நாள் இரண்டு பெண்கள் வந்து பெயர்த்த சிமெண்டைச் சட்டியில் அள்ளிக்கொட்டினார்கள். மூன்றாம் நாள் கடைசித் துண்டு வந்ததும், வெளுத்துக் கிடந்த வேர் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மண் சர்ரென்று உறிஞ்சியது. லாட்ஜ்காரர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை.

விட்டுவிடுவாரா? விசாரணைக்குக் கூப்பிட்டு ஓலை வந்தது. லாட்ஜ்காரர், நான், அண்ணாச்சி மூன்று பேருக்கும். அந்த அதிகாரி அம்மாதான் விசாரித்தார். மரம் உயிரோடு இருப்பதை அவர் நேரில் வந்து பார்த்துவிட்டார். உச்சி வரைக்கும் புது இலை. அந்தக் கதை முடிந்தது. ஆனால் லாட்ஜ்காரர் ஒரு கட்டுப் போட்டோக்களை மேசையில் பரப்பினார். கொட்டகை, மேடை, பொங்கல் வைக்கிற கூட்டம், மைக் முன்னால் அண்ணாச்சி. "கோவில் அங்கதான் இருக்கு மேடம். உங்க பார்வைக்காகக் கல்லை ஒளிச்சு வச்சிருக்காங்க. நீங்க எழுதி முடிச்ச மறுநாள் திரும்ப வச்சிருவாங்க. அதனால அந்த இடத்தை மொத்தமாச் சுத்தம் பண்ணி வேலி போடணும்" என்றார்.

இது அடித்துக்கொடுத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை. கல்லை வைத்தவர் அண்ணாச்சி. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கோப்பில் ஏறும். 'ஆமாம், அங்கே கோவில் இருக்கிறது, எடுக்க நீங்கள் யார்' என்று அவர் சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே மரம் போயிற்று. அவரோ இருபது நாளாக என்னோடு பேசவில்லை. அன்றைக்கும் நெற்றி நிறைய திருநீறும் குங்குமமுமாகத்தான் வந்திருந்தார். மரத்தைக் காப்பாற்றவேண்டுமென்றால், அவர் தன் வாயாலேயே, அந்தக் குங்குமத்தோடு உட்கார்ந்துகொண்டு, அம்மன் அங்கே இல்லை என்று சொல்லவேண்டும்.

"பெரியவர் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "அந்த இடத்துல கோவில் இருக்கா, இல்லையா?"

அண்ணாச்சி போட்டோக்களைப் பார்த்தார். மைக்கோடு தான் நிற்கிற படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மெல்லக் கீழே வைத்தார்.

"அங்கன கோயில் கெடையாதும்மா."

"அப்போ இந்தப் போட்டோ?"

"அது நான் வச்ச கல்லு. இப்ப என் வீட்டுல இருக்கு. இனிமே அங்கன வைக்கமாட்டேன். எழுதித் தாரேன்."

லாட்ஜ்காரர் சிரித்தார். முதல்தடவையாக அவர் குரலில் மரியாதை குறைந்திருந்தது. "அப்போ அது வெறும் மரந்தானே அண்ணாச்சி? ஒரு வெறும் மரத்துக்கா இவ்வளவு ஆட்டம்?"

அண்ணாச்சி நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் அது இல்லை.

"ஆமா வே, வெறும் மரந்தான். கல்லு நான் வச்சது, அதனால நான் எடுத்தேன். மரத்த நானும் வைக்கல, நீரும் வைக்கல. எடுக்கதுக்கு நீரு யாரு வே?"

அதிகாரி போட்டோக்களைச் சேர்த்து லாட்ஜ்காரர் பக்கமே தள்ளிவிட்டு, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.